புதுக்கோட்டைக்கு ஒரு எம்.பி. வேண்டும்

2024 பங்குனியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தேர்தலுக்கு இரண்டு மூன்று வாரம்தான் இருந்தது. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்கே போகும்? அறந்தாங்கியிலிருந்து வந்த அத்தை மகன், ஏணிச் சின்னமா பலாப்பழச் சின்னமா என்று ஆரம்பித்தார். கந்தர்வகோட்டைச் சித்தப்பா தீப்பெட்டிச் சின்னத்தை வீடு வீடாகக் கொண்டுபோன கதையைச் சொன்னார். விராலிமலைப் பக்கம் வாக்கப்பட்ட பெரியம்மா மகள், "எங்களுக்குக் கரூருண்ணே" என்றாள். ஆலங்குடிக்காரர்களான நாங்கள் சிவகங்கை. ஒரே பந்தியில் சாப்பிட்ட ஒரே குடும்பம். ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர், வண்டிக்கெல்லாம் ஒரே டி.என். 55. ஆனால் நாலு எம்.பி. தொகுதி.

அப்பாவுக்கு அப்போது 78 வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது சரி, நம்ம புதுக்கோட்டைக்கு யாரு நிக்கிறா?" என்றார். புதுக்கோட்டைத் தொகுதி போய்ப் பதினாறு வருடம் ஆகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலுக்கும் ஒருமுறை இதைக் கேட்டுவிடுவார். அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று இருந்தது.

அப்பா முதல் ஓட்டு போட்டது 1967-ல். அப்போதெல்லாம் 21 வயது ஆனால்தான் ஓட்டு. உமாநாத்துக்குப் போட்டார். காசர்கோட்டில் பிறந்த மனிதர், பொதுவுடைமைக்காரர், நம் வறண்ட சீமையில் 1962, 1967 என்று இரண்டு முறை தொடர்ந்து ஜெயித்தார். முதல் முறை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, கட்சி பிரிந்த பிறகு இரண்டாம் முறை மார்க்சிஸ்ட். அரிவாள் சுத்தியல் நட்சத்திரத்தைச் சுண்ணாம்பும் காவியும் குழைத்துச் சுவரில் வரைந்ததை அப்பா இன்றும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். சுவர் யாருடையது என்பது மட்டும் நினைவில்லை.

அதற்கு முன்னாலும் இந்தத் தொகுதிக்கு ஒரு குணம் இருந்தது. 1952-ல், நாடெங்கும் காங்கிரஸ் அலை அடித்த முதல் தேர்தலில், புதுக்கோட்டை அனுப்பியது கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் வல்லத்தரசை. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து நாலே வருடம் ஆன ஊர் அது. 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் ஆட்சி. தனிக் காசு, அம்மன் காசு. தனிச் சட்டசபைகூட இருந்தது. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தியையும் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியையும் நாட்டுக்குக் கொடுத்த மண். அது தன் முதல் பொதுத்தேர்தலில் ஆளும் கட்சியை விட்டு வேறு ஆளைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. 1957-ல் காங்கிரசின் ராமநாதன் செட்டியார் வந்தார். அப்புறம்தான் உமாநாத்.

பிறகு வந்தவர்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1971-ல் தி.மு.க.வின் வீரய்யா, 1977-ல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980-ல் காங்கிரசின் சுவாமிநாதன். 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரசின் சுந்தரராஜ். 1996-ல் திருச்சி சிவா. என் முதல் எம்.பி. ஓட்டு அந்தத் தேர்தலில்தான். 1998-ல் ராஜா பரமசிவம். 1999-ல் திருநாவுக்கரசர். 2004-ல் ரகுபதி, மத்தியில் இணை அமைச்சராகவும் ஆனார். அவரோடு பட்டியல் முடிந்துவிட்டது.

இதில் ஒன்று என்னை மிகவும் உறுத்தும். சமஸ்தானம் இணைந்த பிறகு புதுக்கோட்டையைத் திருச்சி மாவட்டத்தோடு சேர்த்தார்கள். தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14, பொங்கல் நாளில். அதாவது மாவட்டமாக இல்லாத காலத்தில் டெல்லியில் நமக்குப் பெயர் இருந்தது. மாவட்டம் ஆகி, மகாராஜாவின் அரண்மனையே ஆட்சியர் அலுவலகமான பிறகு, டெல்லியில் இருந்த பெயர் போனது. இப்போது எம்.பி. தேர்தல் வந்தால் புதுக்கோட்டை நகரம் மறுபடியும் திருச்சியின் வால்.

எப்படிப் போனது? 2002-ல் தொகுதி மறுவரையறைச் சட்டம் வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம். 2001 மக்கள்தொகையை வைத்துக் கோடுகளைத் திரும்பப் போட்டார்கள். 2008-ல் அமலுக்கு வந்து, 2009 தேர்தல் புதிய தொகுதிகளில் நடந்தது. தமிழ்நாட்டின் மொத்தம் 39 அப்படியே இருந்தது. உள்ளே பல பெயர்கள் மாறின. பெரியகுளம் போய்த் தேனி வந்தது, சிவகாசி போய் விருதுநகர், திருச்செந்தூர் போய்த் தூத்துக்குடி, நாகர்கோவில் போய்க் கன்னியாகுமரி. அங்கெல்லாம் பெயர் போனாலும் மாவட்டத்தின் பெயரில் இன்னொரு தொகுதி கிடைத்தது. அப்போது தொகுதியை இழந்த கோபிக்காரர்களுக்கும் பழனிக்காரர்களுக்கும் அவர்கள் வருத்தம் இருக்கும், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி.

கணக்கைப் பாருங்கள். 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 நாடாளுமன்றத் தொகுதிகள். ஒன்றுக்கு ஆறு. அதே மறுவரையறையில் பழைய குளத்தூர் தொகுதி போய், கந்தர்வகோட்டையும் விராலிமலையும் புதிதாக வந்தன. புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கியோடு சேர்த்து மாவட்டத்தில் இப்போது சரியாக ஆறு. ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை!

மக்கள்தொகை பொருந்தவில்லையோ என்று கேட்பீர்கள். 2001-ல் தமிழ்நாடு 6 கோடியே 24 லட்சம். 39-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 16 லட்சம். புதுக்கோட்டை மாவட்டம் அப்போது 14 லட்சத்து 59 ஆயிரம். குறைவு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய கணிதம் எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடப் பிள்ளை சிலேட்டில் போட்டுவிடும்.

ஆனால் நடந்தது என்ன? புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு. விராலிமலை கரூருக்கு. அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஆறு விரலையும் நாலு கையில் ஒட்டிவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். தொகுதிகள் முடிந்தவரை நெருக்கமாக அமைந்த நிலப்பரப்பாக இருக்க வேண்டும். நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி இவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. விராலிமலைக்காரரையும் திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர்க்காரரையும் ஒரே தொகுதியில் வைத்ததில் யாருடைய வசதி பார்க்கப்பட்டது? அறந்தாங்கியையும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியையும் சேர்த்ததில்? கடற்கரையில் கோட்டைப்பட்டினத்து மீனவரும் திருச்சுழிக் கரிசல்காட்டு விவசாயியும் ஒரே எம்.பி.யிடம் போக வேண்டும். ஆனால் கோட்டைப்பட்டினத்துக்காரரும் ஆலங்குடிக்காரரும், ஒரே ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறவர்கள், வேறு வேறு எம்.பி.யிடம்.

"நாலு எம்.பி. இருந்தால் நல்லதுதானே, நாலு பேர் நிதியும் வருமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். என் பதில் இது. திருச்சியில் நாங்கள் ஆறில் இரண்டு, சிவகங்கையில் ஆறில் இரண்டு, கரூரிலும் ராமநாதபுரத்திலும் ஆறில் ஒன்று. எங்கேயுமே நாங்கள் பாதிகூட இல்லை. எந்தக் கட்சியும் வேட்பாளர் தேடும்போது புதுக்கோட்டையிலிருந்து தேட வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெயித்தவருக்கும் அலுவலகம், அன்றாடக் கூட்டம், அடுத்த தேர்தலின் கவலை எல்லாம் வேறு ஊரில். 2019-ல் திருநாவுக்கரசர் திருச்சியில் ஜெயித்தது உண்மை, அவர் நம் மாவட்டத்துக்காரர் என்பதும் உண்மை. ஆனாலும் ஆறில் நாலு பங்கு ஓட்டு திருச்சிப் பக்கத்தில் இருக்கும்போது, யாராக இருந்தாலும் முதல் கவனம் அங்கேதான் போகும். நான் எந்த எம்.பி.யையும் குறை சொல்லவில்லை. தொகுதியின் உருவமே அப்படி.

2017 பிப்ரவரியில் எங்கள் ஆலங்குடிப் பக்கத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து உட்கார்ந்தோம். அனுமதி கொடுத்தது மத்திய அமைச்சரவை, கேள்வி எழ வேண்டிய இடம் நாடாளுமன்றம். மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தலில் ஒரு பெரியவர், "நம்ம எம்.பி. யாரு தம்பி?" என்று என்னிடம் கேட்டார். தொகுதியின் பெயரைச் சொன்னதும், "சிவகங்கைக்கும் நமக்கும் என்னப்பா?" என்றார். அடுத்த வருடம் நவம்பரில் கஜா புயல். எங்கள் தோப்பில் நின்ற தென்னை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். கீரமங்கலம், வடகாடு பக்கம் பலாவும் வாழையும் தென்னையும் வேரோடு கிடந்தன. ஜெகதாப்பட்டினத்தில் படகுகள் நொறுங்கின. மத்திய நிவாரணம் கேட்க வேண்டிய நேரம். ஒரே மாவட்டத்தின் ஒரே துயரத்தை நாலு பேர், நாலு தொகுதியின் கவலைகளுக்கு நடுவே சொல்ல வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் கந்தர்வகோட்டை வழியாக ரயில் பாதை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. ரயில் என்றால் டெல்லி, டெல்லி என்றால் எம்.பி. அப்புறம் காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு. 2021 பிப்ரவரியில் விராலிமலை அருகே குன்னத்தூரில் தொடங்கிவைத்தார்கள். மாயனூர் கட்டளைக் கதவணையிலிருந்து தெற்கு வெள்ளாறு வரை முதல் பகுதியே 118 கிலோமீட்டர். கண்மாயையும் மழையையும் நம்பிப் பிழைக்கிற எங்கள் ஊர்களுக்கு இதைவிடப் பெரிய திட்டம் கிடையாது. ஒரு வாய்க்கால் வரும் வழியிலேயே எத்தனை தொகுதி மாறுகிறது!

இந்த மாவட்டம் ஒரே உடம்பாக எழுந்த காலத்தைப் பார்த்தவன் நான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எங்கள் அப்பத்தா கையெழுத்துப் போடப் பழகியது. கிராமம் கிராமமாகப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். குளத்தூர், ஆலங்குடி, அறந்தாங்கி என்று பிரித்துப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

2009-ல் கோபத்தைக் காட்டினோம். அப்போது நோட்டா பொத்தான் இல்லை. 49-ஓ என்று ஒரு விதி இருந்தது. வாக்குச்சாவடி அதிகாரியிடம் "யாருக்கும் போடவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தொகுதி போன வருத்தத்தில் அதைச் செய்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை, ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் கையெழுத்துப் போட்டவர்களை மதிக்கிறேன்.

இப்போது மறுவரையறை என்ற சொல் மறுபடி எல்லார் வாயிலும் இருக்கிறது. 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் நடந்தது. தமிழ்நாட்டின் எம்.பி. எண்ணிக்கை குறையக் கூடாது என்ற அந்தக் குரலோடு நானும் முழுமனதாக நிற்கிறேன். 2027 மார்ச் 1-ஐ வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று அறிவித்தாகிவிட்டது. ஆனால் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தொகுதியின் எல்லைக் கோடு பற்றி யாரும் பேசுவதில்லை. சென்ற முறை 39-ல் ஒன்றுகூடக் குறையவில்லை. இருந்தும் நாங்கள் இல்லாமல் போனோம்.

சென்ற சட்டத்தின்படி, ஆணையம் இறுதி உத்தரவு போட்டுவிட்டால் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. ஆணையத்தில் இணை உறுப்பினராக ஐந்து எம்.பி.யும் ஐந்து எம்.எல்.ஏ.வும் உட்காரலாம், ஓட்டுரிமை கிடையாது. வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிற அந்தச் சில வாரங்கள்தான் மக்களுக்கு உள்ள வாசல். சென்ற முறை அந்த வாசல் திறந்ததே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பத்திரிகையில் புதிய தொகுதிப் பட்டியல் வந்த அன்றுதான் தெரிந்தது.

இந்த முறை முன்கூட்டியே மனு எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. மேலே சொன்ன கணக்குதான் முதல் பக்கம், மாவட்ட வரைபடம் இரண்டாம் பக்கம். ஆறு சட்டமன்றத் தொகுதியிலிருந்தும் கையெழுத்து வேண்டும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. அப்பா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டைக்கு ஆள் இருக்கிறது. விராலிமலை, திருமயம், புதுக்கோட்டை நகரம் பக்கம் யாராவது முன்வந்தால் கீழே சொல்லுங்கள், நானே வந்து தாளைக் கொடுக்கிறேன்.