அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

இரண்டு நாளாக நடப்பதை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு திருநர் கலைஞரைப் பற்றிய அந்தக் கட்டுரையின் சுட்டியை நான் இங்கே தரப்போவதில்லை. தந்தால் இன்னும் நூறு பேர் போய் அந்தப் பெயரைப் படிப்பார்கள். முதல் வரியில், அவருடைய பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள் வீட்டில் வைத்த பழைய பெயர். ஒருவர் நீக்குகிறார். பத்து நிமிடத்தில் இன்னொருவர் வந்து திரும்பச் சேர்க்கிறார். காரணம் கேட்டால், "தகவலை நீக்கக் கூடாது" என்கிறார்.

அந்தப் பெயரில் அவரை யாருக்குமே தெரியாதே! அந்தப் பெயரில் அவர் மேடை ஏறியதில்லை, விருது வாங்கியதில்லை. அதைத் தேடி எந்த வாசகரும் அந்தப் பக்கத்துக்கு வரப்போவதில்லை. அப்புறம் யாருக்காக அது அங்கே நிற்கிறது?

ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தச் சண்டை என்றைக்கோ நடந்தது. ராணுவ ரகசியங்களை வெளியிட்ட வழக்கில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த செல்சி மேனிங்குக்கு 35 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது 2013 ஆகஸ்டில். மறுநாளே தான் ஒரு பெண் என்றும் தன் பெயர் செல்சி என்றும் அறிவித்தார். கட்டுரையின் தலைப்பும் அன்றைக்கே மாறியது. அந்த மாதம் முடிவதற்குள் பழைய பெயருக்கே திருப்பிவிட்டார்கள். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுகின்றன என்பது ஒரு முக்கிய வாதம். அக்டோபரில் மறுபடியும் செல்சி. சிறைக்குள் இருந்த ஒருத்தியின் பெயரை, அவளை ஒருநாளும் பார்த்திராதவர்கள் வாரக்கணக்கில் விவாதித்தார்கள்.

இன்று அங்கே இருக்கும் விதி புரியாத விதி இல்லை. பழைய பெயரிலேயே புகழ்பெற்றவர் என்றால் அதைக் குறிப்பிடலாம். எலியட் பேஜ் தான் ஒரு திருநர் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பதற்கு முன்பே ஆஸ்கர் பரிந்துரை வரை போன நடிகர், அதனால் அவர் கட்டுரையில் பழைய பெயரும் உண்டு. புதிய பெயரில்தான் உலகம் அறிந்தது என்றால், அவர் உயிரோடு இருக்கும்வரை, பழைய பெயர் எந்தப் பத்திரிகையில் அச்சாகியிருந்தாலும் கட்டுரைக்குள் வராது.

"அவர்கள் விதி நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். சரி, நம் ஊருக்கே வருவோம். பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை. நர்த்தகி என்ற பெயர் அவருடைய குரு கிட்டப்பா பிள்ளை வைத்தது. ஒரு குரு சிஷ்யைக்கு வைத்த பெயரைவிட உண்மையான பெயர் வேறு எது? ஆங்கிலத்தில் 'ஹி'யா 'ஷி'யா என்று மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டார்கள். நமக்கு 'அவர்' என்ற ஒரு சொல் போதும். மொழி இவ்வளவு மரியாதையைக் கையில் கொடுத்திருக்கும்போது, "அவர்" என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லிலேயே அடைப்புக்குறி போடுகிறீர்கள்.

"ரஜினி கட்டுரையில் சிவாஜி ராவ் கெய்க்வாட் இருக்கிறதே, மறைமலையடிகள் கட்டுரையில் வேதாசலம் இருக்கிறதே" என்று நேற்று மட்டும் நாலு பேர் கேட்டார்கள். சிவாஜி ராவ் என்று கூப்பிட்டு ரஜினியைப் பேருந்திலிருந்து யாராவது இறக்கிவிட்டிருக்கிறார்களா? வேதாசலம் தானே விரும்பித் தமிழில் மாற்றிக்கொண்ட பெயர்தான் மறைமலை, அந்தக் கதையை ஊரே பெருமையாகச் சொல்கிறது. இங்கே பழைய பெயரைச் சொல்கிறவர்கள் எதற்காகச் சொல்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஏன் தெரியும் என்றால், என் அக்கா ஒரு திருநங்கை. ஆதாரில் பெயர் மாறுவதற்கு முந்தைய வருடம் அவளுக்குக் கடும் காய்ச்சல். ஒரு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். அக்கா எழுந்தாள், புடவையில். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. சீட்டு கொடுப்பவர் சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை கூப்பிட்டார், அவள் எதிரே நின்றுகொண்டிருக்கும்போதே. அக்கா டாக்டரைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் உடம்பு கொதித்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் அம்மா மூன்றாம் வகுப்புதான். பழக்கத்தில் பழைய பெயர் வாயில் வந்துவிட்டால் தன் தலையிலேயே குட்டிக்கொள்வாள். ஒருநாள் தன் பட்டன் போனை என்னிடம் நீட்டி, "இதுல அக்கா பேர மாத்திக் குடுடி, அவ கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பேருல்ல வருது" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் வாதாடவில்லை, வரலாறு அழிகிறது என்று சொல்லவில்லை.

ஆமாம், வரலாறு. "உண்மையை மறைக்கிறீர்கள்" என்று எழுதிய அண்ணன் ஒருவர் எனக்குப் பல வருட நண்பர். ஒருவர் பழைய பெயரில் புத்தகம் வெளியிட்டிருந்தால் என்ன செய்வது என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. புத்தகம் பற்றிய இடத்தில் ஒருமுறை சொல்லுங்கள், நான் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பவர் பழைய பெயரில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட வெளியிட்டதில்லை, அது உங்களுக்கும் தெரியும் அண்ணா. தெரிந்தும் கேட்டதுதான் எனக்கு வலிக்கிறது. என் வீட்டில் அக்கா கையால் சாப்பிட்டவர் நீங்கள். ஒருநாளாவது அவளிடம் பழைய பெயரைக் கேட்டீர்களா? கேட்கத் தோன்றவில்லை அல்லவா?

அரசிதழில் பெயர் மாற்றி, கலெக்டர் ஆபீசில் அடையாளச் சான்று வாங்கி, வங்கி, ரேஷன் கார்டு, பான் கார்டு என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியிருக்கிறாள் என் அக்கா. ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெயரைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவையும் செய்தபிறகு, முகம் தெரியாத ஒருவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரே வரியில் அதைத் திரும்ப எழுதிவிட முடியுமா?

அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் இதையெல்லாம் இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்று காலை பார்த்தபோதும் அந்தப் பெயர் இருந்தது. அவர் என் அக்கா உயிராக மதிக்கும் கலைஞர். நேற்று இரவு சாப்பிடும்போது அக்கா கேட்டாள், "அவங்களப் பத்தி ஏதோ சண்டை ஓடுதாமே, என்ன எழுதியிருக்காங்க?"

நான் இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னேன்.