அசலும் வட்டியும்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போனைத் தொடவே கை கூசுகிறது. பழைய கார்ப் பிரியர்களின் பக்கத்தில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். கூரை போட்ட என்னுடைய கார்தான். ஆள் பின்னால் நிலத்தில் குந்தியிருந்து எடுத்திருக்கிறார். அந்தக் கோணத்தில் எடுத்தால் தாஜ்மஹாலும் கோழிக்கூடு மாதிரித்தான் தெரியும். மேலே எழுதியிருந்ததையும் வாசித்திருப்பீர்கள்: "எம்ஜிபிக்கு இறுதி அஞ்சலி. பெட்டிக்கு மூடி போட்டாச்சு." எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. (எண்ணினேன். நூற்றிப் பதினாறு.) அதில் ஒரு இருபது பேராவது என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தவர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் ஆறவிட்டுத்தான் எழுதுகிறேன். சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று. கார் என்பது ஓடுவதற்கு. ஓடாத காரை அசல் அசல் என்று துடைத்து வைப்பவர்களுக்கு என் வணக்கம். என்னுடைய கார் ஓடுகிறது.

தெரியாதவர்களுக்கு: 1966ஆம் ஆண்டு செய்த, நிரந்தரக் கூரையில்லாத (திறந்த) எம்ஜிபி என்ற ஆங்கிலேயக் கார். அப்பா 1974இல் ஒரு தோட்டத்துரையிடமிருந்து வாங்கியது. அதற்குக் கொழும்புக்குப் பக்கத்தில் கொலன்னாவையில் நிரந்தரக் கூரை போட்டிருக்கிறேன். போல்ட் கழற்றித் தூக்குகிற கூரை இல்லை. வெல்டிங். இனி இந்த ஜன்மத்தில் திறக்காது. இதுதான் நான் செய்த கொலை.

"திறந்த காராகப் பிறந்ததைத் திறந்த காராகவே விடவேண்டும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி. யார் சொன்னது? அந்தக் காரைச் செய்தவர்களா? எம்ஜிபி திறந்த காராக வந்தது 1962இல். மூன்றே வருஷத்தில், 1965இல், அதைச் செய்த அதே இங்கிலாந்து அபிங்டன் தொழிற்சாலை அதற்குக் கூரை போட்டு, பின்னால் தூக்கித் திறக்கும் கதவும் வைத்து, ஜிடி என்று விற்றது. அந்தக் கூரையின் வடிவத்தில் கை வைத்தவர்கள் இத்தாலியின் பினின்ஃபரினா, கார் வடிவமைப்பில் பேர்போனவர்கள். ஏதோ தெரு முனைத் தகரக் கடை இல்லை. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் ஜிடி செய்தார்கள். 1973இல் வி8 என்ஜின் வைத்தபோது அதைக் கூரை போட்டதில் மட்டும்தான் தொழிற்சாலை விற்றது. அதற்கெல்லாம் முதலே, 1964இல், பிரசெல்ஸில் ஜாக் கூன் என்ற மனிதர் திறந்த எம்ஜிபிகளை வாங்கி, நிரந்தரக் கூரை போட்டு, மூக்கையும் மாற்றி விற்றார். இன்று அந்தக் கார் ஒன்று ஏலத்துக்கு வந்தால் நம்முடைய அஞ்சலிக்காரர்கள்தான் முதலில் பகிர்வார்கள், "அடடா, என்ன அழகு" என்று. பெல்ஜியத்தில் வெட்டினால் கலை. கொலன்னாவையில் வெட்டினால் கொலை.

கூரை போடுவது பாவம் என்றால் முதல் பாவி அபிங்டன். எனக்கு முன்னால் வரிசை நீளம்.

அடுத்தது மழை. இதை நான் கொழும்பில் இருக்கிறவர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் கவலை. இங்கே வருஷத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. லண்டனில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஊருக்காகத் தைத்த துணிக்கூரையை வெள்ளவத்தைக் கடல் காற்றில் வைத்தால் என்ன ஆகும்? எங்களிடம் வந்த நாளிலிருந்து ஐந்து ஹூட் மாற்றியாயிற்று. கடைசி மூன்றும் மருதானையில் ஓட்டோவுக்கு ஹூட் தைக்கிற குஷன் கடையில் ரெக்ஸீனில் தைத்தது. பின் கண்ணாடி என்று ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்குமே, அது ஒரே வருஷத்தில் மஞ்சளாகி, பின்னால் வருவது பஸ்ஸா பௌர்ணமியா என்று தெரியாமல் ஓட்டியிருக்கிறேன்.

தண்ணீர் உள்ளே போனால் சீட் நனையும், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். இந்தக் காருக்குத் தனியாக சஸி (அடிச்சட்டம்) இல்லை. கூரையும் இல்லை என்பதால் நடு உடம்பைத் தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகள்தான். தண்ணீர் போய் நிற்பதும் அங்கேதான். வெளியில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு பப்படம். ஒருநாள் ஜக் வைத்துக் காரைத் தூக்கினேன். கதவைத் திறந்து பார்த்தேன், பிறகு மூடப் பார்த்தேன். மூடவில்லை. கதவுக்கும் பின் தகட்டுக்கும் இடையில் சுண்டுவிரல் போகிற இடைவெளி இருந்தது, தூக்கியதும் ஒரு தாள் கூடப் போகவில்லை. கார் நடுவில் தொய்ந்துவிட்டது. இதைத்தான் நான் எட்டு வருஷம் "அசலாக" வைத்திருந்தேன். கண்காட்சிக்கு வருகிறவர்கள் போனெட்டைத் திறந்து "சுப்பர்" என்றார்கள். கீழே குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. படம் எடுக்க மட்டும் நன்றாகக் குந்தத் தெரிகிறது.

அசல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது வட்டிக்கடைதான் ஞாபகம் வருகிறது. அசலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீங்கள். ஐம்பது வருஷமாக வட்டி கட்டிக்கொண்டு வருவது நாங்கள்.

அசலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இந்தக் காரின் நம்பர் பிளேட்டில் நடுவில் சிங்கள ஸ்ரீ. "பிளேட்டையாவது மாற்றாமல் விட்டாரே" என்று ஒருவர் பெரிய மனதோடு பாராட்டியிருக்கிறார். அந்த எழுத்தின் கதை அவருக்குத் தெரியுமோ தெரியாது. வாகன நம்பரில் சிங்கள ஸ்ரீ என்று அரசு கொண்டுவர, 1958இல் யாழ்ப்பாணத்தில் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதிய பெடியன்களில் என் அப்பாவும் ஒருவர். பதினெட்டு வயது. பதினாறு வருஷம் கழித்துக் கொழும்பில் ஒரு கார் பிடித்துப்போனது, அதில் அதே எழுத்து. வாங்கினார். ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பிரசோ போடாத குறையாகத் துடைத்தார். ஏனென்று கேட்டால் சிரிப்பார். எது அசல், எதை வைத்திருப்பது, எதை விடுவது என்பதை அந்தக் காருக்குள் வாழ்ந்தவர்கள் தீர்மானிப்பார்கள் என்றுதான் அந்தச் சிரிப்புக்கு நான் அர்த்தம் எடுத்துக்கொண்டேன். தப்பாகவும் இருக்கலாம். அவர் 2011இல் போய்விட்டார், கேட்க முடியாது.

"கழற்றக்கூடிய ஹார்ட்டொப் போட்டிருக்கலாமே" என்று நாலைந்து பேர் மரியாதையாகவே கேட்டிருக்கிறீர்கள். போட்டிருக்கலாம். அந்தக் காலத்திலேயே இருந்தது, ஃபைபரில் லென்ஹம், ஆஷ்லி என்று பலர் செய்து விற்றார்கள். ஆனால் அது முன் கண்ணாடிச் சட்டத்தில் உட்காருகிற இடத்தில் ஒழுகும். உடம்புக்கு பலமும் தராது. சரி, நல்ல ரப்பர் போட்டால் ஒழுகாது என்பீர்கள். இருக்கலாம். எனக்கு வேண்டியிருக்கவில்லை. போதுமா?

"மூடிய கார் வேண்டுமென்றால் ஒரு ஜிடி வாங்குவதுதானே" என்றவருக்கு: எந்த சுப்பர் மார்க்கெட்டில், எந்தத் தட்டில் என்று சொல்லுங்கள், காலையிலேயே போகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மூடியவர்கள் 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். திறந்தும் அறுபது வருஷத்துக் காருக்காகத் திறக்கவில்லை. இந்தத் தீவில் இருந்த ஜிடிகளில் எனக்குக் கிடைத்தது ஒன்று. பண்டாரவளைப் பக்கம் ஒரு பங்களாவின் பின்னால், கோழிக்கூடாக. இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஸ்டியரிங் இருந்த இடத்தில் ஒரு பேடு அடை கிடந்தது. கதவு மட்டத்துக்குக் கீழே மண்ணோடு மண். ஆனால் கூரையும் முன் கண்ணாடிச் சட்டமும் பின் கதவும் கல்லு மாதிரி. அவைதான் இப்போது என் காரில். (ஆகவே படத்தில் கோழிக்கூட்டைப் பார்த்ததுபோலச் சிரித்தவர்கள் அறியாமல் உண்மையைத்தான் கண்டிருக்கிறீர்கள்.)

இப்போது யார் செய்தது என்பதற்கு வருகிறேன். எனக்கு மெய்யாகவே வலித்த இடம் இதுதான். முதலே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி: "யாரோ ஓட்டோ பாஸிடம் கொடுத்து நாசமாக்கியிருக்கிறார்." பாஸ் என்றால் நம்மூரில் மெக்கானிக்.

அந்த ஓட்டோ பாஸின் அப்பாவிடம்தான் 1983 ஜூலைக் கலவரத்தின்போது இந்தக் கார் இருந்தது. பிரேக் வேலைக்காக நாலு சில்லும் கழற்றி, கட்டையில் நின்றது. எங்கள் ஒழுங்கையில் நின்ற மூன்று கார் எரிந்தது. இது கொலன்னாவையில் ஒரு கராஜில், சாக்குப் போர்வைக்குக் கீழே இருந்தது. தமிழன் கார் இருக்கிறதா என்று வந்து கேட்டவர்களிடம் "இது என் கார், வித்துப் பணம் வாங்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பினாராம் பெரிய பாஸ். நாங்கள் முகாமிலிருந்து வந்து ஆறு மாதம் கழித்துத்தான் அப்பாவுக்குச் சொன்னார், அதுவும் பிரேக் பில்லைக் கொடுக்கும்போது. ஓடாத கார் நல்லது செய்தது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய மகன்தான் இந்தக் கூரையைப் போட்டவன். நான் அவனை மல்லி (சிங்களத்தில் தம்பி) என்பேன், அவனுக்கு நான் அய்யே (அண்ணன்). ஆம், ஓட்டோவும் திருத்துவான். ஓட்டோ திருத்தித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான். 2022இல் வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலுக்கு கியூஆர் காட்டி நின்ற காலத்தில் என்னைப் போன்றவர்கள் யாரும் அவன் வாசலுக்கு வரவில்லை, ஓட்டோக்காரர்கள்தான் வந்தார்கள். வெட்டுவதற்கு முதல் இரண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்ட் பண்ணினான், உடம்பு விலகாமல் இருக்க. பிறகு புது சில், அதற்குப் பிறகுதான் கூரை. திறந்த காரின் முன் கண்ணாடி அலுமினியச் சட்டத்தில் தனியாக போல்ட் பண்ணியது, ஜிடியில் அது உடம்போடு சேர்ந்தது, உயரமும் கூட. ஆகவே முன்பக்கத்தையும் வெட்டவேண்டி வந்தது. அன்றைக்கு அவன் மத்தியானம் சாப்பிடவில்லை. சோக்கட்டி எடுத்துக் கோடு போடுவான், அழிப்பான், திரும்பப் போடுவான். "அய்யே, ஒருக்கால் வெட்டினால் வெட்டினதுதான்" என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான்.

மறைக்கவில்லை. கிரைண்டர் சத்தம் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. அப்பா பிடித்துக்கொண்டு இறங்குகிற சட்டம் அது. அந்தப் பிடித்த இடத்தில் அலுமினியம் தேய்ந்து வேறு நிறமாக இருந்தது. அது இப்போது என் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. இதையெல்லாம் யோசிக்காமல் செய்தேன் என்று நினைக்கிறவர்கள் வந்து பார்க்கலாம். தேத்தண்ணி மட்டும் இனிக் கிடையாது.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும், சிரிக்கிற முகமும் தெரியும். திங்கட்கிழமை போன் பண்ணி, "அய்யே, வேலை பிழையா?" என்று கேட்டான். நூற்றிப் பதினாறு பேரும் இந்தக் கேள்விக்கு என்னோடு சேர்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் தனியாகத்தான் சொன்னேன்.

கூரை போட்டதற்குப் பிறகு அம்மா இரண்டு தடவை வந்துவிட்டார். எண்பத்திரண்டு வயது. எம்ஜி என்றால் மோரிஸ் கராஜஸ் என்று அப்பா எத்தனை தடவை சொல்லியும் அம்மாவுக்கு அது "எம்ஜிஆர் கார்"தான், அந்த மனுசனும் இந்த நாட்டில் பிறந்தவர்தானே என்பார். வெயிலும் காற்றும் ஒத்துக்கொள்ளாமல் இருபது வருஷமாக ஏறாதவர். ஏற்றுவது சுலபம் என்று சொல்லமாட்டேன். கார் உயரம் குறைவு, கூரை தலையில் இடிக்கிறது, இறக்க இரண்டு பேர் வேண்டும். இதையும் எழுதிச் சிரியுங்கள்.

நேற்றுப் பின்னேரம் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலால் வரும்போது காலி வீதியில் பிடித்தது மழை. சும்மா மழை இல்லை, வைப்பர் போட்டும் ஒன்றும் தெரியாத மழை. ஓட்டோக்காரர்கள் இரண்டு பக்கமும் படங்கை இறக்கிவிட்டு ஒதுங்கினார்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். அம்மா கையைத் தூக்கி உள்கூரையை ஒருதரம் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட வந்ததும், "தம்பி, பின்னால சொட்டுது" என்றார்.

பின் கதவின் இடது மூலை. சொட்டுச் சொட்டாக அர்ச்சனைப் பையின் மேல். மல்லிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ரப்பர் சரியாக உட்காரவில்லையாம், சனிக்கிழமை வருகிறானாம்.