கொடை வரி

குலதெய்வம் எதுவென்று தெரியாதவர்களுக்கும் நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனாரைப் போய்க் கும்பிட்டு வந்தால் போதும். சாஸ்தா (அய்யனாரைத்தான் அப்படிச் சொல்வோம்) இல்லாமல் ஒருத்தரும் நிற்கக் கூடாது என்று இதை யோசித்தவர் யாரோ, மனுஷ மனசு தெரிந்தவர்.

ஊர்க் கொடை வரியும் அப்படித்தான். கொடை என்றால் ஊர்க் கோயில் திருவிழா, அதற்கு வீட்டுக்கு வீடு பெயர் எழுதி வாங்குகிற பணம்தான் வரி. மும்பையில் இட்லிக் கடை வைத்திருப்பவர், சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வராதவர், வரியை மட்டும் கூகுள் பேயில் தவறாமல் போட்டுவிடுவார். போன கொடைக்கு எங்கள் தெரு ஆச்சி ஒருத்தியிடம், "உங்களுக்கு வேண்டாம் ஆச்சி, தனியா இருக்கிய" என்று வரி வாங்க வந்த பையன்கள் நோட்டை மூடப் பார்த்தார்கள். வந்ததே கோபம். "ஏல, நான் என்ன செத்தா போயிட்டேன்? எழுதுல எம் பேர!" சுருக்குப் பையில் இருந்ததைக் கொட்டி எண்ணிக் கொடுத்து, பெயர் எழுதியாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் விட்டாள். ஒரு கூட்டத்தில் சேர்ந்திருப்பது மனிதனின் அடிப்படைத் தேவை என்று 1995இல் பாமைஸ்டர், லியரி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சுருக்குப் பைதான் ஞாபகம் வந்தது.

சரி, இதே ஆசைக்கு இன்னொரு முகம் உண்டு. 1970 வாக்கில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் ஒரு சோதனைக்காக இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தார். உனக்கு இந்த ஓவியர் பிடிக்கிறது, நீ இந்த அணி என்று சொன்னதோடு சரி. உண்மையில் அது குருட்டாம்போக்கில் செய்த பிரிவினை. அப்புறம் மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார். தனக்கென்று ஒரு பைசா கிடையாது, யாருக்குக் கொடுக்கிறோம் என்ற பெயரும் தெரியாது. ஆனாலும் தன் அணிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. தன் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிரணியைவிட நிறைய கிடைத்தால் போதும் என்று பல பேர் பங்கிட்டார்கள்.

முன்பின் பகையே இல்லாத பையன்கள் அவர்கள். நம்ம பிள்ளைகளுக்கோ பகையைச் சொல்லிக்கொடுத்தே வளர்க்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டியதும் கூடப் படித்த பையன்கள்தான். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் சாதிக் கயிறு (இன்ன சாதி என்று காட்டக் கையில் கட்டுகிற வண்ணக் கயிறு) கூடாது என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம். ஆனால் கையில் கயிறு ஏறுவதற்கு முன்பே பிள்ளை வரி நோட்டைப் பார்த்துவிடுகிறான். எங்கள் ஊரிலேயே ஒரு தெருவில் வரி வாங்குவதில்லை. அவர்கள் கொண்டுவந்து நீட்டியும் வாங்கவில்லை. எங்களிடமும் காசு வாங்குங்கள் என்று மனிதர்கள் சண்டை போட வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கயிற்றை வாத்தியார் அறுத்துவிடுவார். நோட்டு யார் கையில் இருக்கிறது?

அடுத்த வரிக் கூட்டத்தில் அந்தத் தெருவையும் நோட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். பெரியவர்கள் "வழக்கம்" என்பார்கள். கூடப் பேச வருகிறவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள். இங்கே லைக் போட்டுவிட்டு அங்கே சுவரோரம் நிற்கிற ஆள் எனக்கு வேண்டாம்.