"அண்ணன் பார்த்துப்பான்" என்பது ஏற்பாடு இல்லை

ஆட்டிசம் உள்ள மகனுக்கு முப்பது, அம்மாவுக்கு அறுபது தாண்டிய வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு, "எங்களுக்கப்புறம் அண்ணன் பார்த்துப்பான்." அண்ணனும் தலையாட்டுவான். சென்னையிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் அவனுக்குத் தம்பி காலையில் எழுந்தால் முதலில் என்ன செய்வான் என்றுகூடத் தெரியாது. பாசம் இல்லை என்று யார் சொன்னது? விவரமெல்லாம் அம்மா தலைக்குள் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

முதல் வேலை, ஒரு நோட்டு. "சாதம் சாப்பிடுவான்" என்று எழுதிப் பயனில்லை. குழம்பைத் தனியாக வைக்க வேண்டுமா, பிசைந்து தர வேண்டுமா? முடி வெட்ட மெஷின் சத்தம் ஆகுமா, கத்திரி மட்டும்தானா? முக்கியமாக, வலித்தால் எப்படிக் காட்டுவான்? பேச்சு வராதவர் திடீரென்று தலையை முட்டிக்கொண்டால் "அடம்" என்று முடிவுகட்டி மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார்கள். முதலில் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் பாருங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை வெளிக்குப் போவது வழக்கம் என்று எழுதி வைத்திருந்தால்தான் புதிதாகப் பார்ப்பவருக்குச் சந்தேகமே வரும்.

மாத்திரைக்குத் தனிப் பக்கம்: பெயர், மில்லிகிராம், நேரம், எதற்காக. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டை "தீர்ந்துபோச்சு, திங்கக்கிழமை வாங்கிக்கலாம்" என்று விடக்கூடாது. சட்டென நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். 2018 கஜா புயலில் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது மறந்திருக்காது. ஐப்பசி பிறக்கும்போதே ஒரு மாத மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். ஆவேசத்தைத் தணிக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் பசியைக் கூட்டும், நம்மூரிலோ மூன்று வேளையும் சோறு. மாதாமாதம் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

டெல்டாக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு பயம், தண்ணீர். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு. சொல்லாமல் வெளியே நடந்துவிடுகிறவர்களும் உண்டு. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சில நாளில் கல்லணை, பிறகு கிளை வாய்க்கால்கள், கடைசியில் கடைமடை. நேற்றுவரை காலால் நடந்து கடந்த வாய்க்காலில் இன்று இடுப்பளவு ஓடும். ஆளைக் காணோம் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள். முதலில் குளம், வாய்க்கால், மதகு. தெருமுனை டீக்கடைக்காரரிடம் வீட்டு நம்பர் இருக்க வேண்டும்.

அடுத்து காகிதம். 18 வயது முடிந்தால் பெற்றோர்கூடத் தானாகச் சட்டப்படியான காப்பாளர் (கார்டியன்) ஆகிவிட மாட்டார்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுதான் நியமிக்கும். அண்ணனை நியமிக்கச் சொல்லிப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். நியமனமான 6 மாதத்துக்குள் அசையாச் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். (தன் பணத்தைத் தானே புழங்கத் தெரிந்தவருக்குக் காப்பாளர் எதற்கு? கையெழுத்தை அவரே போடட்டும்.)

அப்பா உயில் எழுதாமல் போனால் நஞ்சையில் தம்பிக்கும் பங்கு உண்டு. பத்திரம் புரியாத தம்பிக்காகக் கையெழுத்துப் போடக் காப்பாளர் இல்லையென்றால் பாகப்பிரிவினை சார்பதிவாளர் ஆபீசோடு நின்றுவிடும்.

அம்மா திடமாக இருக்கும்போதே அவரை ஒரு வாரம் மகள் வீட்டுக்கு அனுப்புங்கள். நோட்டை வைத்துக்கொண்டு அண்ணன் தனியாகச் சமாளிக்கட்டும். எதற்கெல்லாம் அம்மாவுக்கு போன் போட்டானோ அதெல்லாம் நோட்டில் விட்டுப்போனவை. அன்றன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.