ரசீது ஒன்று, துண்டுச் சீட்டு ஒன்று

போன ஜூன் மாதம் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு பீஸ் கட்டப் போனேன். மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸில் கால்மணி நேரத்தில் போய்விடலாம், அப்படி ஒரு பள்ளிக்கூடம். பேரைச் சொல்லவில்லை, அவள் இன்னும் சில வருஷம் அங்கே படித்தாக வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தாள் தந்தாள். ஒன்று அச்சடித்த ரசீது: மேலே அறக்கட்டளையின் பேர், பதிவு எண், கீழே 18,500 ரூபாய். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற துண்டுச் சீட்டு. அதில் பள்ளிக்கூடத்தின் பேரும் இல்லை, தேதியும் இல்லை. மகளின் அட்மிஷன் நம்பர், 27,000 என்ற எண், ஒரு கிறுக்கல். "இது எதுக்குள்ள பைசா மோளே?" என்று கேட்டேன். "அது மத்ததுக்கு சார்" என்றாள். பின்னால் நின்றவர் என் தோளைத் தொட்டு, "ஒண்ணும் கேக்காதிங்க சாரே, கெட்டிட்டுப் போங்க, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

கட்டிவிட்டுத்தான் வந்தேன். எனக்கு வீரமெல்லாம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றின பிறகுதான் வரும்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தப் பைசாகூட இல்லை. ரசீதின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி: 'லாப நோக்கமற்ற பொது அறக்கட்டளை'. நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் 11 வருஷம் கணக்கு எழுதினவன் நான். அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்: அது இருந்தால் பள்ளிக்கூடம் ஒரு தரும நிறுவனம், வருமான வரி கிடையாது. தனியார் பள்ளிக்கூடங்களுக்கு இந்தத் தரும அந்தஸ்து வேண்டுமா என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி.

தருமம் என்ற சொல்லை எங்கள் ஊரில் ரொம்ப லேசாக யாரும் எடுக்க முடியாது. என் அம்மாச்சி அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவாள். ஆறு பிள்ளைகள் உள்ள வீடு, அரிசி எப்போதும் பற்றாது, ஆனாலும் அந்தப் பிடி போகும். வாரக் கடைசியில் அந்தப் பிடியரிசி சபைக்குப் போகும். அங்கேயிருந்து அது பள்ளிக்கூடத்து ஓடாக, பெஞ்சாக, உபதேசியார் சம்பளமாக மாறும். முதல் முட்டை, முதல் குலை, முதல் தேங்காய் எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். அம்மாச்சிக்குத் தன் பேரைத் தவிர வேறு எதுவும் எழுதத் தெரியாது.

அதற்கு ஒரு நூறு வருஷம் முன்னால் போனாலும் கதை இதுதான். திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாயி 1817-இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று உத்தரவு போட்டார். பெருமைக்குரிய உத்தரவு. ஆனால் அது எங்கள் பூட்டன்மார் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை. பெண்கள் மார்பை மறைக்கிற தோள்சீலைக்கே 1859 வரைக்கும் அடிபட வேண்டியிருந்த சனத்துக்குப் பள்ளிக்கூடத்துக் கதவு எங்கே திறக்கும்? மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-இல் தொடங்கிய படிப்புதான் பிறகு நாகர்கோவிலுக்கு நகர்ந்து ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வரைக்கும் வளர்ந்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸை விற்ற காசில் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். அடிமையாக இருந்த சிலர் அந்தக் காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்டார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் எங்கள் மாவட்டம், கிட்டத்தட்ட 92 சதவீதம். அது சும்மா வந்ததில்லை.

ஆகவே தனியார் பள்ளிக்கூடத்துக்குத் தரும அந்தஸ்து வேண்டுமா என்று கேட்டால் 'வேண்டாம்' என்று உடனே சொல்ல என் நாக்கு வராது. அந்த அந்தஸ்து யாருக்குப் போகிறது என்பதுதான் என் வழக்கு.

வருமான வரிச் சட்டத்தில், பழைய 1961 சட்டத்தின் 2(15) பிரிவில், தருமக் காரியம் என்றால் என்ன என்று ஒரு பட்டியல் இருந்தது. ஏழைகளின் துயர் துடைப்பு, கல்வி, யோகா, மருத்துவ உதவி என்று போகும். கவனித்துப் பாருங்கள், 'ஏழைகளுக்குக் கல்வி' என்று அங்கே இல்லை. வெறும் 'கல்வி'. யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், எவ்வளவு வாங்குகிறாய் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் வராது. 2025-இல் போட்ட புதுச் சட்டத்திலும் அந்தச் சொல் அப்படியே நிற்கிறது. அறக்கட்டளையாகப் பதிந்து, வரவில் 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்குச் செலவழித்துக் காட்டினால் போதும், வரி கிடையாது. மீதி 15-ஐப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். வருஷ வரவு 5 கோடிக்குள் இருந்தால் தனியாக அனுமதிகூட வாங்க வேண்டாம்.

செலவு என்பதில் கட்டடமும் சேரும். எங்கள் ஆபீசில் மார்ச் மாதம் பள்ளிக்கூடக் கணக்கு வந்தால் சீனியர் முதலில் கேட்பது, "இந்த வருஷம் என்ன பணிஞ்சாவ?" என்பதுதான். புது பிளாக், மூன்றாம் மாடி, ஆடிட்டோரியம், நீச்சல் குளம். மாடி ஏற ஏற வரி இறங்கும். அதே பைசாவை டீச்சர்மாருக்குச் சம்பளமாகக் கொடுத்தாலும் கணக்கில் அதே செலவுதான். ஆனால் டீச்சர் வாங்கினது டீச்சர் வீட்டுக்குப் போய்விடும், மாடி எங்கேயும் போகாது. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் பஸ்ஸில் போகும்போது எண்ணிப் பாருங்கள், எத்தனை பள்ளிக்கூடத்தில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று.

லாபம் எடுக்கக் கூடாது என்றால் பின்னே எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நிலம் அறக்கட்டளை பேரில் இருக்காது, கரஸ்பாண்டண்டின் மாமனார் பேரில் இருக்கும், வாடகை போகும். பஸ் மச்சினன் கம்பெனியுடையது. யூனிபார்மும் நோட்டும் 'இந்தக் கடையில்தான்' வாங்க வேண்டும், அந்தக் கடையில் கல்லாவில் இருப்பது மருமகள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரு பதவி, ஒரு சம்பளம். சொந்தக்காரருக்கு நியாயத்துக்கு மேல் கொடுத்தால் விலக்கு போகும் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் எது நியாயம் என்று அளக்கப் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. சில இடங்களில் டீச்சருக்கு பேங்கில் 20,000 ஏறும். அதில் 8,000-ஐ அடுத்த நாள் கவரில் போட்டு ஆபீசில் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் மைனியே, அண்ணன் மனைவி, மூன்று வருஷம் அப்படிக் கொடுத்திருக்கிறாள். கேட்டால், "வேலை போயிட்டா நீங்க தருவியளா?" என்பாள். எந்தச் சாமி பேரில் இருந்தாலும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சமய ஒற்றுமைக்கு எங்கள் மாவட்டத்தில் நல்ல உதாரணம் இது.

துண்டுச் சீட்டின் ரகசியமும் இதுதான். தமிழ்நாட்டில் 2009-இல் பீஸ் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு பள்ளிக்கும் எவ்வளவு வாங்கலாம் என்று நிர்ணயிக்கும். அந்தத் தொகை ரசீதில் வரும். மேலே உள்ளது சீட்டில் வரும். சீட்டில் வந்த பைசா எந்தப் புத்தகத்தில் ஏறும்? எனக்குத் தெரிந்து எந்தப் புத்தகத்திலும் ஏறாது. ஏறாத பைசாவுக்கு 85 ஏது, 15 ஏது?

பள்ளிக்கூடம் நடத்துகிற என் கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். கள்ளன் இல்லை, யோக்கியன். அவனிடம் இதைச் சொன்னபோது அவன் சொன்னது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. "மக்கா, நான் ஓட்டல் நடத்தினா ஓட்டல்ன்னு போர்டு வைக்கலாம். ஆஸ்பத்திரி நடத்தினா பிரைவேட் லிமிடெட்டுன்னு வைக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் டிரஸ்டுன்னு வைக்கணும். சிபிஎஸ்இ வேணும்ன்னா சொசைட்டி, டிரஸ்டு, இல்லேன்னா லாபமில்லாத கம்பெனி, வேற வழி கெடையாது. எனக்க வீட்டப் பணயம் வெச்சு லோன் எடுத்திருக்கேன். அதுல ஒரு பைசா எனக்கு வரப்பிடாதுன்னா நான் என்ன சன்னியாசியா?" அவன் சொல்வதில் பாதி சரி. 2002-இல் டிஎம்ஏ பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் உட்கார்ந்து சொன்னதும் அந்தப் பாதிக்குப் பக்கத்தில் வரும்: வளர்ச்சிக்குத் தேவையான மிச்சம் வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும், இடம் தருவதற்கென்று வாங்குகிற கேப்பிட்டேஷன் பைசாவும் கூடாது. 2022 அக்டோபரில் நியூ நோபிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது: கல்வி 'மட்டுமே' நோக்கம் என்றால் மட்டுமேதான், லாப நோக்கு இருந்தால் விலக்கு இல்லை. தீர்ப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசல் ஒன்றே ஒன்றுதான் என்று வைத்துவிட்டு, அதற்கு மேலே தருமம் என்று எழுதியும் போட்டால், வியாபாரியும் அதன் வழியாகத்தானே குனிந்து வருவான்?

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற என் சித்தி மகளோடு இதைப் பேசினேன். அங்கேயும் இதே சண்டைதான், வேறு ரூபத்தில். 1440-இல் ஆறாம் ஹென்றி ராஜா 70 ஏழைப் பையன்களுக்காகத் தொடங்கிய ஈட்டன் பள்ளி இன்றைக்கும் தரும நிறுவனம். வருஷ பீஸ் வரியோடு 60,000 பவுண்டுக்கு மேல். 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளி பீஸுக்கு 20 சதவீதம் வாட் போட்டார்கள், அந்த ஏப்ரலில் இங்கிலாந்துப் பகுதியில் கட்டட வரிச் சலுகையையும் எடுத்தார்கள். தரும அந்தஸ்தை மட்டும் தொடவில்லை. "வரியப் போட்டா பள்ளிக்கூடமா கெட்டும்? நாங்கதான் கெட்டுவோம்" என்றாள் அவள். இங்கேயும் வரி என்று பேச்செடுத்தால் நிர்வாகங்கள் முதலில் சொல்வது அதுதான்: பாரம் பெற்றோர் தலையில் விழும்.

எனக்கு அது ஏறவில்லை. வாட் பீஸின் மேல் விழுகிற வரி. வருமான வரி அப்படியில்லை, செலவெல்லாம் போக மிச்சம் இருந்தால்தான் விழும். 'எங்களுக்கு மிச்சமே இல்லை, கைநஷ்டத்தில் நடத்துகிறோம்' என்று வருஷா வருஷம் ஆண்டு விழா மேடையில் சொல்கிறீர்களே, மிச்சம் இல்லாதவனுக்கு வரி ஏது? பயம் எதற்கு?

நிஜமாகவே பயப்பட வேண்டியவர்கள் வேறு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் கணக்கை நான் நாலு வருஷம் எழுதினேன். பிள்ளைகளில் பாதிப்பேர் பால்வெட்டுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், மீதியில் பலர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், வேலை செய்கிற அம்மாக்களின் பிள்ளைகள். ஜூன் மாதம் எல்லாப் பள்ளிக்கூடமும் பீஸ் கேட்கும். ஜூன் மாதம்தான் மழையில் வெட்டு நின்று வீட்டில் ஒரு சக்கரம் இருக்காது. அந்த ஹெச்எம் அம்மாவுக்கு அது தெரியும். அவருடைய லெட்ஜரில் பீஸ் வரவெல்லாம் ஆகஸ்டிலும் ஜனவரியிலும்தான் இருக்கும், சிலர் பேருக்கு நேரே வரவே இருக்காது. 'இது யாருக்க பாக்கி டீச்சரே?' என்று கேட்டால், 'அது கெடக்கட்டும், அடிச்சிரு' என்பார். ஒரு வருஷம் கூரை வேலைக்கு வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர்கள் அனுப்பிய நன்கொடையைத் தவிர வேறு மிச்சமே கிடையாது. தரும அந்தஸ்து போனால் அந்த நன்கொடைக்கே வரி கேட்பார்கள், கூரைச் செலவையும் ஒரே வருஷத்தில் கழிக்க விடமாட்டார்கள். நீச்சல் குளத்துக்காரருக்கும் இவருக்கும் அதே பிரிவு, அதே விலக்கு, அதே படிவம். எனக்குக் கோபமே இங்கேதான்.

அப்புறம் அந்த 25 சதவீதம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் கால்பங்கு இடத்தை ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்கிறது, பீஸை அரசு தரும். ஆனால் 2014 பிரமதி தீர்ப்பில் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று ஆகிவிட்டது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அது சரியா என்று ஐயப்பட்டுப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் சிறுபான்மைப் பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நானும் ஒரு கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் எடுத்தவன்தான், அதனால் சொல்கிறேன்: நிர்வாக உரிமையைக் காப்பாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் பிடியரிசியில் எழும்பின பள்ளிக்கூடம், சட்டம் சொன்னால்தான் கால்வாசி இடம் கொடுப்பேன் என்று சொல்லலாமா? ஒரு கோர்ட்டும் உங்களைக் கொடுக்கக் கூடாது என்று தடுக்கவில்லையே.

என்னைக் கேட்டால், அந்தஸ்தை 'கல்வி' என்ற சொல்லுக்குக் கொடுக்காதீர்கள், அந்த வருஷத்து நடத்தைக்குக் கொடுங்கள். வாங்கின பைசா எல்லாவற்றுக்கும் ரசீது, டீச்சர் சம்பளம் திரும்பி வராத பேங்க் கணக்கு, சொந்தக்காரருக்குப் போன வாடகையும் ஒப்பந்தமும் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில், பீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கால்பங்கு இடம். இதைச் செய்கிறவருக்கு விலக்கைக் கொடுங்கள், கூடக்கூடக் கொடுங்கள். முடியாது என்பவருக்கு இன்னொரு வாசல் திறந்து, கம்பெனி என்று போர்டு வைக்க விட்டு, கம்பெனிக்குள்ள வரியை வாங்குங்கள். என் கூட்டாளி அந்த வாசலில்தான் போவான். போகட்டும், அவன் முகத்தை நேராகப் பார்த்துப் பேசலாம்.

வருகிற சனிக்கிழமை மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். துண்டுச் சீட்டை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், மங்காமல் இருக்கிறது. எழுந்து நின்று, இதற்கு ஒரு ரசீது வேண்டும் என்று மட்டும் கேட்கப் போகிறேன். மகள் "அப்பா, வேண்டாம்ப்பா" என்கிறாள். மைனி, "வாய மூடிட்டு இருங்க கொழுந்தனாரே" என்கிறாள். உங்கள் வீட்டிலும் இப்படிச் சீட்டு இருந்தால், பிள்ளை பேரையும் பள்ளிக்கூடத்துப் பேரையும் மறைத்துவிட்டு, இன்பாக்ஸில் ஒரு படம் அனுப்பி வையுங்கள். கையில் பத்துச் சீட்டு இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.