ஹை-டென்சில் தகடு போட்டால் ஸ்பாட் வெல்டு விரிசல் விடாதா?

"மைல்டு ஸ்டீலுக்குப் பதில் ஹை-டென்சில் தகடு போடுங்கள், ஸ்பாட் வெல்டு இரண்டு மடங்கு உழைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஸ்பாட் வெல்டு என்பது இரு தகடுகளை மின்சாரச் சூட்டில் பொட்டுப் பொட்டாக உருக்கி ஒட்டுவது. மைல்டு ஸ்டீல் சாதாரண ஸ்டீல்; ஹை-டென்சில் அதைவிட இழுப்பைத் தாங்கும் உறுதியான ஸ்டீல். பாதிதான் சரி. ஒரே இழுப்பில் பிய்த்துப் பார்த்தால் ஹை-டென்சில் கூடுதலாகத் தாங்கும். ஆனால் கார் பாடி ஒரே இழுப்பில் போவதில்லை. லட்சக்கணக்கான சின்ன அதிர்வுகளில் போகிறது. அந்தக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

காரணம் வெல்டு பொட்டின் ஓரத்தில் இருக்கிறது. உருகி ஒட்டிய இடம் முடிகிற விளிம்பில், இரு தகடுகளுக்கும் நடுவே கத்திமுனை போல ஓர் இடுக்கு. பாரம் அங்கேதான் குவியும். விரிசல் பெரும்பாலும் அங்கே பிறந்து, தகட்டின் கனத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். மயிரிழையாகக் கண்ணில் படும்போது காரியம் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். எந்த ஸ்டீலானாலும் இடுக்கு இடுக்குதான்.

இதில் வேடிக்கை, உறுதியான ஸ்டீல்தானே என்று தகட்டை மெல்லிசாக்கிவிடுகிறார்கள். அப்புறம் ஆயுள் குறையத்தான் செய்யும்.

சரி, எது உதவும்? தகட்டின் கனம், பொட்டின் விட்டம் (1 மி.மீ. தகட்டுக்கு வழக்கமாக 4 முதல் 5 மி.மீ.), தகடுகளைத் தோல் உரிப்பதுபோலப் பிரிக்கிற பாரம் வராத வடிவமைப்பு. எல்லாவற்றையும்விட, தகடுகளுக்கு நடுவே பசை தடவி அதன் மேலேயே வெல்டு அடிப்பது நன்றாகக் கைகொடுக்கும். பெயின்ட் அடுப்பின் சூட்டில் பசை இறுகி, பொட்டின் ஓரத்துப் பாரத்தை மூட்டு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும்.