எல் அலமெய்ன் காட்சிகள்: கேமரா எங்கே நின்றது?

இரண்டாம் உலகப் போரில், எகிப்துப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் தரப்பு ஜெர்மானிய, இத்தாலியப் படைகளைத் தோற்கடித்த இடம் எல் அலமெய்ன். அந்தப் போர்க் காட்சிகளுக்கு வண்ணம் ஏற்றி, வெடிச்சத்தம் சேர்த்து, "அசல் பதிவு" என்று சுற்ற விடுகிறார்கள். அதில் ஒட்டுவேலை எவ்வளவு என்று பார்க்கக் கொஞ்சம் கண் பழக வேண்டும்.

சத்தத்தை முதலில் கழித்துவிடுங்கள். பிரிட்டிஷ் ராணுவப் படப்பிரிவினர் களத்தில் தூக்கித் திரிந்தது சாவி கொடுத்து ஓட்டும் 35 மி.மீ. ஊமைக் கேமரா. 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். ஸ்பிரிங் அதற்கு முன்பே தளர்ந்துவிடும். காதில் விழும் ஒவ்வொரு குண்டும் பிறகு சேர்த்ததுதான்.

அடுத்து வெளிச்சம். 1942 அக்டோபர் 23 இரவு 9.40க்குத் தாக்குதலைத் தொடங்கிவைத்து பிரிட்டிஷ் தரப்பின் 800க்கும் மேற்பட்ட பீரங்கிகள் முழங்கின. நல்ல நிலவுதான், ஆனால் அன்றைய பிலிமுக்கு அது போதாது. பதிவது பீரங்கி வாயின் பளிச்சிடல் மட்டும், மற்றதெல்லாம் கருப்பு. இரவில் வீரனின் முகத்து வியர்வை தெளிவாகத் தெரிந்தால் அங்கே விளக்கு இருந்திருக்கிறது. இந்தப் போரைப் பற்றி எடுத்து ஆஸ்கர் வாங்கிய 'டெசர்ட் விக்டரி' ஆவணப்படத்திலேயே (1943) இரவுத் தாக்குதலின் சில நெருக்கக் காட்சிகள் இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டுடியோவில் எடுத்தவை.

கண்ணிவெடி அகற்றுவதும் அப்படியே. ஜெர்மானியர் புதைத்தவை ஏறக்குறைய 5 லட்சம். போலந்துக்காரர் வடிவமைத்த கருவியாலும், பயனட் (துப்பாக்கி நுனியில் மாட்டும் கத்தி) முனையால் மண்ணைக் குத்தியும் தேடி, வெள்ளை நாடா கட்டிப் பாதை திறந்தார்கள். தாக்குதலுக்கான அந்த வேலை பெரும்பாலும் இருட்டில் நடந்தது. பளீர் வெயிலில் நிதானமாகத் தேடும் காட்சி அநேகமாகப் பயிற்சியாகவோ, முன்னேறிய பிறகு எடுத்ததாகவோ இருக்கும்.

கேமராவை நோக்கி வீரர்கள் பாய்ந்து வந்தால் ஒரே கேள்வி: எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம்பிடித்தவர் எப்படி நின்றார்? ஆஸ்திரேலியர்கள் புகைக்குள் பாயும் புகழ்பெற்ற நிழற்படம்கூட நடிக்க வைத்து எடுத்ததே. நிஜச் சண்டை பார்க்கச் சலிப்பாக இருக்கும்: கேமராவின் ஆட்டம், புழுதி, தூரத்தில் புள்ளியாக ஒரு டாங்கி.

இன்னொரு குறை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, கிரேக்கம், சுதந்திர பிரான்ஸ் (ஜெர்மனிக்குப் பணியாத பிரெஞ்சுக்காரர்கள்) என்று பல கொடிகளின் வீரர்கள் பிரிட்டிஷ் தரப்பில் போரிட்டார்கள். இந்திய 4ஆம் டிவிஷன் அதே போர்முனையின் ருவைசாத் மேட்டில் நின்றது. வர்ணனையோ "பிரிட்டிஷ் வெற்றி" என்று முடித்துவிடும்.

நடித்துக் காட்டியதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன். படம்பிடித்தவர்கள் சுருளோடு நாள், இடம், படைப்பிரிவு எழுதிய குறிப்புத்தாளும் அனுப்பினார்கள். 'டோப் ஷீட்' என்பார்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. வண்ணம் பூசச் செலவழிப்பவர்கள் அந்தத் தாளில் உள்ள இரண்டு வரியைத் திரையின் மூலையில் போட்டால் என்ன?